நடுவில் நின்றவர்: டாக் ஹாமர்ஷெல்ட்

துணைப்பாடம் – வாழ்க்கை வரலாறு

நுழையும் முன்

மாலையில் குடியிருப்புத் திடலில் விளையாடும்போது நீங்கள் என்றேனும் நடுவராக நின்றதுண்டா? ஆட்டக்காரர் இருவர் சண்டையிட்டால் அவர்களை விலக்கி வைப்பவர் நடுவரே. ஆனால் இரு தரப்பினரும் இறுதியில் அவரைத்தான் குறை கூறுவர். விளையாட்டிலேயே இவ்வாறென்றால், படைக்கலம் ஏந்திய கூட்டங்களுக்கு இடையே நிற்பவரின் நிலை எவ்வளவு அரியது! புதிதாக விடுதலை பெற்ற ஒரு நாட்டில் உள்நாட்டுப்போர் மூண்டபோது, அதன் நடுவே நின்று அமைதிக்காகத் தம் உயிரையே தந்த ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் கல்வியும்

டாக் ஹாமர்ஷெல்ட் 1905ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் ஸ்வீடன் நாட்டின் யோன்ஷோப்பிங் நகரில் பிறந்தார். பெற்றோருக்கு இவர் நான்காம் மகன். தந்தை யால்மர் ஹாமர்ஷெல்ட், முதல் உலகப்போர் நடந்த காலத்தில் ஸ்வீடனின் தலைமையமைச்சராக இருந்தவர். போரிடும் நாடுகளுள் எந்தப் பக்கமும் சாயாமல் தம் நாட்டை நடத்த முயன்ற அவர், உள்நாட்டில் மக்களின் மனக்கசப்புக்கு ஆளானார். நடுவில் நிற்பதற்கு ஒரு விலை உண்டு என்பதைச் சிறுவன் டாக் தம் இல்லத்திலேயே கண்டார்.

பல்கலைக்கழக நகரமான உப்சாலாவில் அவர் வளர்ந்தார். இலக்கியம், மெய்யியல், பிரெஞ்சு மொழி, பொருளியல், சட்டம் எனப் பல துறைகளைக் கற்றார். பின்னர்ப் பொருளியலில் முனைவர் பட்டம் பெற்றார். முப்பது வயதளவிலேயே நிதியமைச்சகத்தின் உயர் செயலராகப் பொறுப்பேற்றார். ஓய்வு நாள்களில் நாட்டின் வடபகுதி மலைகளில் நடந்து செல்வது அவருக்கு விருப்பமானது. பிற்காலத்தில் நேபாளம் சென்றபோது, வானூர்தியிலிருந்து இமயச் சிகரங்களை அவரே ஒளிப்படம் எடுத்தார். இறுதிவரை அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

உலகின் பொறுப்பு

1953ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஐக்கிய நாடுகள் அவையின் இரண்டாம் பொதுச்செயலராக ஹாமர்ஷெல்ட் பதவியேற்றார். அப்போது அவருக்கு வயது 47. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் உலகை இரு அணிகளாகப் பிரித்துப் பனிப்போர் நடத்திய காலம் அது. அமைதியாகக் கோப்புகளைப் பார்க்கும் ஒரு நல்ல அலுவலர் என்று எண்ணியே வல்லரசுகள் அவரை ஏற்றுக்கொண்டன. அவ்வெண்ணம் தவறென்று அவை விரைவிலேயே உணர்ந்தன.

கொரியப் போரின்போது சிறைப்பட்ட அமெரிக்க வான்படை வீரர் 15 பேர் சீனாவில் இருந்தனர். அவர்களை மீட்பதற்காக 1955ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஹாமர்ஷெல்ட் தாமே பீக்கிங் நகரம் சென்று, தலைமையமைச்சர் சூ என்லாயைச் சந்தித்தார். சீனா அப்போது ஐ.நா. அவையில் இடம் பெறாத நாடு. மிரட்டலாலன்றி, மரியாதையான உரையாடலாலேயே அவர் இக்காரியத்தை நகர்த்தினார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திற்குள் வீரர் அனைவரும் விடுதலையாயினர்.

1956ஆம் ஆண்டு சூயஸ் கால்வாய் தொடர்பாகப் போர் மூண்டது. கனடா நாட்டு அமைச்சர் லெஸ்டர் பியர்சன் முன்வைத்த கருத்தை ஏற்று, ஐ.நா. அவையின் முதல் அமைதி காக்கும் படையைச் சில நாள்களிலேயே ஹாமர்ஷெல்ட் உருவாக்கினார். பல நாட்டு வீரர்களையும் எவ்வாறு இனங்காண்பது என்னும் வினா எழுந்தது. தலைக்கவசங்களுக்கு நீல வண்ணம் பூசினர். இன்று உலகெங்கும் அறியப்படும் நீலத் தலைக்கவசத்தின் கதை இவ்வாறே தொடங்கியது. அப்படையில் இந்திய வீரர்களும் பணியாற்றினர்.

காங்கோவின் விடுதலை

ஆப்பிரிக்காவின் நடுவில் அமைந்த பெருநாடு காங்கோ. செம்பு, கோபால்ட், யுரேனியம், வைரம் முதலிய கனிமங்கள் நிறைந்தது. ஆனால் அந்நாட்டு மக்கள் அச்செல்வத்தை நுகர்ந்ததில்லை. 1885 முதல் 1908 வரை அந்நாடு பெல்ஜியம் மன்னர் இரண்டாம் லியோபோல்டின் சொந்த உடைமையாகவே இருந்தது. காட்டில் இரப்பர் சேகரிக்குமாறு மக்கள் கொடுமையாக வருத்தப்பட்டனர். அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் பெல்ஜியம் அரசு அந்நாட்டை ஆண்டது.

1960ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் காங்கோ விடுதலை பெற்றது. ஜோசப் காசவூபு குடியரசுத் தலைவரானார். பத்ரீஸ் லுமும்பா தலைமையமைச்சரானார். விடுதலை வந்தது, ஆனால் அதனைத் தாங்குவதற்கான தூண்களை ஆட்சியாளர்கள் எழுப்பிச் செல்லவில்லை. அவ்வளவு பெரிய நாட்டில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற காங்கோ மக்கள் 30 பேர்கூட இல்லை. மருத்துவராகத் தகுதி பெற்றவர் ஒருவரும் இல்லை. படையில் ஏறத்தாழ 25,000 வீரர்கள் இருந்தனர். அவர்களுக்குக் கட்டளையிடும் அதிகாரிகள் அனைவரும் பெல்ஜியர்களே.

விடுதலைக்குப் பின்னும் தங்கள் நிலையில் மாற்றமில்லை என்று கண்ட வீரர்கள் ஐந்தே நாள்களில் கலகம் செய்தனர். பெல்ஜியர்கள் அஞ்சி நாட்டைவிட்டு ஓடினர். தன் குடிமக்களைக் காப்பதாகக் கூறி, பெல்ஜியம் அரசு காங்கோவின் இசைவின்றிப் படையை இறக்கியது. ஜூலை 11ஆம் நாள், கனிமவளம் மிகுந்த கட்டாங்கா மாநிலம் தனி நாடாகப் பிரிவதாக அதன் தலைவர் மோயிஸ் ஷோம்பே அறிவித்தார். சுரங்கங்களில் முதலீடு செய்திருந்த பெல்ஜிய நிறுவனங்கள் அவருக்குத் துணை நின்றன. பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத நாடு உடையத் தொடங்கியது.

ஐ.நா. அவையின் படை

காசவூபுவும் லுமும்பாவும் ஐ.நா. அவையின் உதவியை வேண்டினர். ஹாமர்ஷெல்ட் காலம் தாழ்த்தவில்லை. பொதுச்செயலருக்குரிய சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, ஜூலை 13ஆம் நாள் இரவிலேயே பாதுகாப்பு அவையைக் கூட்டினார். பொழுது விடிவதற்குள் தீர்மானம் நிறைவேறியது. அடுத்த நாளே முதல் வீரர்கள் காங்கோவில் இறங்கத் தொடங்கினர். துனீசியா, கானா, மொராக்கோ, எத்தியோப்பியா முதலிய ஆப்பிரிக்க நாடுகளே முன்வந்து படை அனுப்பின. பின்னாளில் அப்படையின் எண்ணிக்கை ஏறத்தாழ 20,000 ஆக உயர்ந்தது.

வீரர்களுடன் மருத்துவர்களும் வல்லுநர்களும் சென்றனர். மருத்துவமனைகளும் விமான நிலையங்களும் தொடர்ந்து இயங்க அவர்கள் உதவினர். துப்பாக்கி ஓசை அடங்கினால் மட்டும் போதாது; குழந்தைக்குத் தடுப்பூசி போட ஒருவர் வேண்டும், தொலைபேசியை இயக்க ஒருவர் வேண்டும் என்பதை ஹாமர்ஷெல்ட் அறிந்திருந்தார்.

இப்பணியில் இந்தியர் பலருக்கும் பங்குண்டு. காங்கோவில் ஹாமர்ஷெல்டின் சிறப்புப் பிரதிநிதியாகச் சில மாதங்கள் பணியாற்றியவர் இராஜேஷ்வர் தயாள் என்னும் இந்தியத் தூதுவர். ஹாமர்ஷெல்டின் படைத்துறை ஆலோசகராக விளங்கியவர் இந்திர ஜித் ரிக்கி என்னும் இந்தியப் படை அதிகாரி.

இரு பக்கத்துப் பழியும்

படை சென்றதும் புதிய சிக்கல் தோன்றியது. கட்டாங்காவைப் போரிட்டு மீட்டுத் தருமாறு லுமும்பா வேண்டினார். ஒரு நாட்டின் உள்பூசலில் ஒரு தரப்பின் படையாக ஐ.நா. படை மாறக்கூடாது என்பது ஹாமர்ஷெல்டின் நிலை. லுமும்பா சினம் கொண்டு சோவியத் ஒன்றியத்தின் உதவியை நாடினார். பனிப்போர் ஆப்பிரிக்காவின் நடுவே வந்து நின்றது.

செப்டம்பர் மாதத்தில் குடியரசுத் தலைவர் லுமும்பாவைப் பதவியிலிருந்து நீக்கினார். லுமும்பா தம் பங்குக்குக் குடியரசுத் தலைவரை நீக்குவதாக அறிவித்தார். இவ்விருவரின் பூசலுக்கிடையே படைத்தலைவர் மொபுட்டு அதிகாரத்தைக் கைப்பற்றினார். லுமும்பாவின் இல்லத்தைச் சுற்றி ஐ.நா. வீரர்கள் காவல் நின்றனர். நவம்பர் இறுதியில் அவர் அக்காவலைவிட்டு வெளியேறித் தம் ஆதரவாளர்களை நோக்கிப் புறப்பட்டார். வழியில் மொபுட்டுவின் வீரர்களிடம் சிக்கினார். 1961ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் கட்டாங்காவில் அவர் கொல்லப்பட்டார்.

அக்கொலைச் செய்தி உலகை உலுக்கியது. மக்கள் தேர்ந்த ஒரு தலைவரை, பல்லாயிரம் வீரர்களைக் கொண்டிருந்த ஐ.நா. அவையால் காக்க இயலவில்லையே என்று பலரும் கேட்டனர். அக்கேள்வி நேர்மையானது. வரலாற்று ஆசிரியர்கள் இன்றும் அதனை எழுப்புகின்றனர். நடுவுநிலை என்பது கைகட்டி நிற்பதாகிவிடக் கூடாது என்னும் பாடத்தை அம்மரணம் கற்பித்தது. 1961 பிப்ரவரியில் பாதுகாப்பு அவை புதிய தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. உள்நாட்டுப்போரைத் தடுப்பதற்கு வேறு வழியில்லாத நிலையில் படைவலிமையைப் பயன்படுத்தலாம் என்று அது இசைவளித்தது.

இதற்கு முன்பே சோவியத் தலைவர் குருஷேவ், 1960 அக்டோபரில், ஹாமர்ஷெல்ட் பதவி விலக வேண்டும் என்று பொதுப் பேரவையில் முழங்கினார். ஹாமர்ஷெல்ட் எழுந்து அமைதியாக மறுமொழி கூறினார். இவ்வவை வல்லரசுகளைக் காட்டிலும் சிறிய நாடுகளுக்கே மிகுதியாகத் தேவைப்படுகிறது என்றும், அந்நாடுகள் விரும்பும் வரையில் தாம் பதவியில் நீடிப்பதாகவும் அறிவித்தார். அவையில் எழுந்த கையொலி நெடுநேரம் அடங்கவில்லை. இடப்பக்கத்தினர் அவரை மேலை நாடுகளின் கையாள் என்றனர். பெல்ஜியமும் கட்டாங்காவின் நண்பர்களும் தங்கள் பகைவர் என்றனர். இரு பக்கத்துப் பழியையும் சுமந்தவாறு அவர் தம் பணியைத் தொடர்ந்தார்.

லுமும்பாவின் கொலைக்குப்பின் சில நாடுகள் தங்கள் படைகளைத் திரும்பப் பெற்றன. ஐ.நா. படை மெலிந்து போகும் நிலையில், தலைமையமைச்சர் நேரு ஏறத்தாழ 5,000 இந்திய வீரர்களை அனுப்ப இசைந்தார். 1961 மார்ச்சு முதல் அவர்கள் காங்கோ சென்றடைந்தனர்.

இறுதிப் பயணம்

1961 ஆகஸ்டில் காங்கோவின் நாடாளுமன்றம் கூடி, சிரில் அடூலா தலைமையில் ஒரு பொது அரசை ஏற்றது. கட்டாங்கா மட்டும் இணங்கவில்லை. அங்கு வெளிநாட்டுக் கூலிப்படையினர் இருந்தனர். அவர்களை வெளியேற்றும் முயற்சியில், செப்டம்பர் 13ஆம் நாள் ஐ.நா. படைக்கும் கட்டாங்காப் படைக்கும் இடையே சண்டை மூண்டது. அதே நாளில்தான் ஹாமர்ஷெல்ட் காங்கோவின் தலைநகர் வந்து சேர்ந்தார். அமைதிக்கென வந்த படை போரில் இறங்கியிருப்பது கண்டு மிகவும் வருந்தினார்.

சண்டையை நிறுத்துவதற்கு ஷோம்பேயை நேரில் சந்திப்பதென முடிவு செய்தார். எல்லைக்கு அப்பாலிருந்த வட ரொடீசியாவின் இண்டோலா நகரம் சந்திப்பிடமாகக் குறிக்கப்பட்டது. அப்பகுதி இன்று சாம்பியா எனப்படுகிறது. கட்டாங்காவிடம் ஐ.நா. படையைத் தாக்கிவந்த போர் விமானம் ஒன்று இருந்தது. ஆகவே ஹாமர்ஷெல்டின் விமானம் செப்டம்பர் 17ஆம் நாள் மாலை புறப்பட்டு, சுற்றுவழியில் இருளில் பறந்தது. நள்ளிரவுக்குப் பின், விமான நிலையத்தை நெருங்கிய வேளையில் காட்டில் விழுந்து நொறுங்கியது. அதில் சென்ற 16 பேருள் ஹாமர்ஷெல்ட் உட்பட 15 பேர் உயிரிழந்தனர். எஞ்சிய ஒருவரும் சில நாள்களில் மருத்துவமனையில் இறந்தார். அது விபத்தா, தாக்குதலா என்பது இன்றளவும் முடிவாகவில்லை. அண்மைக் காலத்தில் ஐ.நா. அவை அதனை மீண்டும் ஆராயத் தொடங்கியது.

அவர் நாடிய போர்நிறுத்தம் அவர் இறந்த இரண்டு நாள்களில், அதே இண்டோலாவில் கையொப்பமாயிற்று. எனினும் அது நிலைக்கவில்லை. டிசம்பரில் மீண்டும் சண்டை எழுந்தது. டிசம்பர் 5ஆம் நாள் எலிசபெத்வில் நகரில், சாலையை மறித்து நின்ற பெரும்படையைத் தம் சிறுபடையுடன் தாக்கி வீரமரணம் எய்தினார் கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா. கூர்க்கா படைப்பிரிவைச் சேர்ந்த அவருக்கு இந்திய அரசு பரம்வீர் சக்கரம் வழங்கியது. ஐ.நா. அமைதிப் பணியில் அவ்விருதைப் பெற்றவர் அவர் ஒருவரே.

1963 ஜனவரியில் கட்டாங்கா மீண்டும் காங்கோவுடன் இணைந்தது. 1964 ஜூன் 30ஆம் நாள் ஐ.நா. படை விடைபெற்றது. அதற்குள் அப்படையினர் ஏறத்தாழ 250 பேர் உயிர் துறந்திருந்தனர். நாடு உடையாமல் காக்கப்பட்டது; ஆனால் நல்லாட்சி அமையவில்லை. 1965இல் மொபுட்டு மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றி, 1997 வரை தனியாட்சி நடத்தினார். அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் அதன் பின்னரும் போர்கள் மூண்டன. அமைதி என்பது ஒருமுறை வென்று பெட்டியில் பூட்டி வைக்கும் பொருளன்று. நாள்தோறும் நீர் ஊற்ற வேண்டிய செடி.

நிலைத்த புகழ்

1961ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசு, இறப்புக்குப்பின் ஹாமர்ஷெல்டுக்கு வழங்கப்பட்டது. அவருக்குப் பின் பர்மாவைச் சேர்ந்த ஊ தாண்ட் பொதுச்செயலர் பொறுப்பேற்றார். நியூயார்க்கில் உள்ள ஐ.நா. நூலகம் ஹாமர்ஷெல்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அமைதிப் பணியில் உயிர் நீக்கும் வீரர்களுக்கு அவர் பெயராலேயே பதக்கம் அளிக்கப்படுகிறது.

அவர் மறைந்தபின் அவருடைய இல்லத்தில் ஒரு குறிப்பேடு கிடைத்தது. 1963இல் அது நூலாக வெளிவந்தது. அதில் தாம் சந்தித்த மன்னர்களையும் தலைவர்களையும் பற்றி அவர் எழுதவில்லை. தம் உள்ளத்தைத் தாமே ஆராய்ந்து எழுதிய குறிப்புகளே அதில் நிறைந்திருந்தன. பிறர் வழக்கைத் தீர்க்கச் செல்பவர் முதலில் தம்மைத் தாமே எடைபோட வேண்டும் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

திருக்குறளில் நடுவுநிலைமை என ஓர் அதிகாரமே உண்டு. அறத்தின் பக்கம் அசையாமல் நிற்பதே நடுவுநிலை. பல மொழி பேசுவோர் ஒன்றாகப் பயிலும் பள்ளியில் படிக்கும் உங்களுக்கு, இருவரிடையே நின்று இருவர் சொல்லையும் கேட்கும் வாய்ப்பு அடிக்கடி அமையும். அவ்வேளையில் ஹாமர்ஷெல்டை நினைவில் கொள்ளுங்கள்.

சொற்பொருள்

இசைவு – ஒப்புதல்
உடைமை – சொத்து
கலகம் – கட்டளையை மீறிய கிளர்ச்சி
கூலிப்படை – பணத்துக்காகப் போரிடும் படை
பனிப்போர் – நேரடிப் போரின்றி நாடுகளிடையே நிலவும் பகை
பூசல் – சண்டை
மெய்யியல் – உண்மைப் பொருளை ஆராயும் துறை, தத்துவம்

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. ஹாமர்ஷெல்ட் பிறந்த நாடு ________.
2. காங்கோ விடுதலை பெற்ற நாள் ________.
3. கனிமவளம் மிகுந்த ________ மாநிலம் தனி நாடாகப் பிரிவதாக அறிவித்தது.
4. காங்கோவில் பரம்வீர் சக்கரம் பெற்ற இந்திய வீரர் ________.

ஆ. பிரித்து எழுதுக.
நள்ளிரவு, தன்னலம், பெரும்பொறுப்பு, கையொப்பம்

இ. ஓரிரு தொடரில் விடை தருக.
1. அமைதி காக்கும் படைக்கு நீலத் தலைக்கவசம் ஏன் தேவைப்பட்டது?
2. விடுதலை பெற்றபோது காங்கோவிடம் இல்லாதவை எவை?
3. பதவி விலகுமாறு கேட்டபோது ஹாமர்ஷெல்ட் கூறிய மறுமொழியின் கருத்து யாது?

ஈ. விரிவாக விடை தருக.
1. காங்கோவில் உள்நாட்டுப்போர் மூண்டதற்கான காரணங்களை எழுதுக.
2. லுமும்பாவின் மரணம் ஐ.நா. அவைக்குக் கற்பித்த பாடத்தை விளக்குக.

உ. சிந்தித்துப் பேசுக.
நடுவுநிலை என்பது யாருக்கும் உதவாமல் விலகி நிற்பதா? வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடுக.

ஊ. செயல்பாடு
உலக வரைபடத்தில் ஸ்வீடன், காங்கோ, சாம்பியா ஆகியவற்றைக் குறிக்க. நடுவுநிலைமை அதிகாரத்திலிருந்து ஒரு குறளை வீட்டில் அம்மா, அப்பா அல்லது தாத்தா, பாட்டியிடம் படித்துக் காட்டிப் பொருள் கேட்டு எழுதி வருக.